ப்ரஹ்லாதாழ்வான் கண்ட 'நான்'

ஸ்ரீ:

ஆஸ்திகர்கள் சிறு வயது முதல் கேட்டுவரும் ப்ரஹ்லாத சரித்திரத்தில் 'நான்' என்னும் ஒரே சொல் இரண்டு வாய்களிலிருந்து வருகிறது. தந்தையாகிய ஹிரண்யகசிபு, தான் ஒருவன் இருக்கும்போது வேறு பரமேசுவரன் ஏது என்று மகனை அதட்டிக் கேட்டான். மகனாகிய ப்ரஹ்லாதாழ்வானோ பெருங்கடலின் அடியில் மலைகளால் மூடுண்டு கிடந்தபோது, அனைத்தும் தன்னிடமிருந்தே தோன்றின, அனைத்தும் தானே, அனைத்தும் தன்னுள்ளேயே நிற்கின்றன என்று சொன்னான். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு, மகன் தந்தையையும் மிஞ்சிவிட்டான் என்றே தோன்றும். ஆயினும் தந்தை சொன்னதை அஹங்காரம் என்று சாஸ்திரம் தள்ளுகிறது; மகன் சொன்னதை ஞானத்தின் சிகரம் என்று அதே சாஸ்திரம் கொண்டாடுகிறது. பக்தர்களில் தலைசிறந்தவன் என்று பெயர் பெற்றவன், 'அடியேன்' என்று சொல்லிப் பழகிய நாவால் இப்படியும் சொல்லலாமோ? சொன்னான் என்றால் அவன் உள்ளே கண்டதுதான் யாது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் முதல் அம்சத்தில் 17 முதல் 20 வரையுள்ள அத்தியாயங்களைப் பார்க்க வேண்டும். தூணைப் பிளந்துகொண்டு எம்பெருமான் தோன்றிய கதை ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தத்தில் வருவது; உற்சவங்களிலும் உபந்யாஸங்களிலும் பெரும்பாலும் சொல்லப்படுவது அதுவே. ஸ்ரீவிஷ்ணு புராணத்திலோ தூண் இல்லை. நரசிம்ஹாவதாரமே அங்கு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பராசர மஹர்ஷி மைத்ரேயருக்கு விரித்து உரைப்பதெல்லாம் அந்தக் குழந்தையின் உள்ளத்தில் நடந்ததைத்தான். சேதனம், அசேதனம், ஈசுவரன் ஆகிய தத்துவங்களை உள்ளபடி காட்டிக் கொடுத்தவர் என்று ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தில் பராசரரை வணங்கினார். அவருடைய மனக்குறை தீரும்படி எம்பெருமானார் கூரத்தாழ்வானின் திருக்குமாரருக்குப் பராசரர் என்று திருநாமம் சாற்றிய வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அப்படிப் போற்றப்பட்ட முனிவர் இவ்விடத்தில் ஒரு சொல்லையும் வீணாகச் செலவிட்டிருக்க மாட்டார் என்று நம்பியே வாசிக்க வேண்டும்.

முதலில் தந்தையின் 'நான்' எப்படிப்பட்டது என்று காண்க. பிரமனிடம் வரம் பெற்ற ஹிரண்யகசிபு இந்திரனின் ஸ்தானத்தைத் தான் பிடித்துக்கொண்டான். அதோடு விட்டானா? சூரியனும் தானே ஆனான். வாயுவும், அக்கினியும், வருணனும், சந்திரனும், குபேரனும், யமனும் தானே ஆனான். வேள்விகளில் தேவர்களுக்குரிய அவிர்ப்பாகங்களைத் தானே புசித்தான். தேவர்கள் அஞ்சி ஸ்வர்க்கத்தை விட்டு, மனித உருவம் எடுத்துக்கொண்டு பூமியில் ஒளிந்து திரிந்தார்கள். ஆக, அவனும் ஒருவகையில் எல்லாமாக ஆனவன்தான். ஆனால் ஒவ்வொன்றாக ஆவதற்கு ஒவ்வொருவரை விரட்ட வேண்டியிருந்தது. அவன் சூரியனாக வேண்டுமானால் சூரியன் இருக்கக் கூடாது. இன்னொருவன் இருக்கும் வரையில் அந்த 'நான்' நிறையாது. தன் வீட்டில், தன் மடியில் வளர்ந்த ஐந்தடிப் பிள்ளை ஒருவன் வேறு பெயரைச் சொல்லிவிட்டால்கூட அதற்கு உறக்கம் வராது. மூவுலகையும் வென்றவன் ஒரு குழந்தையைக் கண்டு நடுங்கியதற்கு இதுவே காரணம்.

மகனின் கதை வேறு விதமாக நடக்கிறது. கடலடியில் பிறந்த ஞானம் ஒரே நாளில் வந்ததன்று. நூற்றுக்கணக்கான அஸுரர்கள் ஆயுதங்களை ஓங்கி வந்தபோது, இந்த ஆயுதங்களிலும் உங்களிடத்திலும் என்னிடத்திலும் விஷ்ணு இருக்கிறான், இது உண்மையானால் இவை என்னைத் தீண்டாதிருக்கட்டும் என்றான். இங்கே ஆயுதம் வேறு, வீசுகிறவர்கள் வேறு, தான் வேறு. மூன்றினுள்ளும் உறைபவன் ஒருவன். பின்னர் தக்ஷகன் முதலான நாகங்களை ஏவினார்கள். அவை கடித்தபோது, நினைவெல்லாம் எம்பெருமானிடத்தில் இருந்தமையால் தன் உடம்பையே அவன் அறியவில்லை. திசை யானைகளின் தந்தங்கள் மார்பில் முறிந்தபோது, இது என் பலமன்று, அவனை நினைத்ததன் பலம் என்றான். தீயில் இட்டபோதோ, எல்லாத் திசைகளும் தாமரை பரப்பியதுபோல் குளிர்ந்திருக்கின்றன என்று தந்தையிடமே சொன்னான். வலி தெரியாமல் இருப்பது ஒரு நிலை. வலிக்க வேண்டியது குளிர்வது அதற்கும் அப்பாற்பட்ட ஒரு நிலை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ரிஷி வாய்விட்டுச் சொல்லவில்லை. கதையின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்.

இடையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசனின் புரோஹிதர்கள் அபிசார மந்திரத்தால் க்ருத்யை என்னும் தீவடிவான பெண்பூதத்தை எழுப்பிக் குழந்தையின்மேல் ஏவினார்கள். அவள் எறிந்த சூலம் அவன் மார்பில் பட்டுத் தூள் தூளாயிற்று. குற்றமற்றவனிடத்தில் ஏவப்பட்ட க்ருத்யை ஏவினவர்களையே திரும்பிச் சுட்டது. அப்போது ப்ரஹ்லாதாழ்வான் மகிழவில்லை; ஓடினான். எரிகின்ற அந்த அந்தணர்களுக்காக எம்பெருமானை வேண்டினான். விஷம் கொடுத்தவர்கள், தீயில் இட்டவர்கள், யானையையும் பாம்பையும் ஏவியவர்கள் ஆகிய எல்லோரிடத்திலும் நான் சமமான நட்பு மனத்தோடு இருந்தது உண்மையானால் இவர்கள் பிழைக்கட்டும் என்று தன் நெஞ்சையே பணயமாக வைத்தான். அவர்கள் எழுந்து நின்று அவனை ஆசீர்வதித்தார்கள். முன்பு ஆயுதங்களின் முன்னிலையில் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன சத்தியத்தை, இப்போது தன்னைக் கொல்ல வந்தவர்களைக் காக்கச் செலவிடுகிறான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 'நான்' என்பதன் எல்லை விரிந்துகொண்டே போவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

பின்னரும் விட்டார்களில்லை. 100 யோஜனை உயரமான மாளிகையின் உச்சியிலிருந்து தள்ளினார்கள், பூமிப்பிராட்டி ஏந்திக்கொண்டாள். சம்பராஸுரனின் மாயையைத் திருவாழி அறுத்தது. மறுபடியும் குருகுலத்துக்கு அனுப்பி ராஜநீதி கற்பித்தார்கள். நண்பனிடத்தில் எப்படி, பகைவனிடத்தில் எப்படி நடப்பது என்று தந்தை பரீக்ஷை செய்தபோது, எல்லாம் கோவிந்தனாயிருக்க நண்பன் யார், பகைவன் யார் என்று பிள்ளை திரும்பக் கேட்டான். ஆசனத்திலிருந்து எழுந்து அவன் மார்பில் உதைத்தான் தந்தை. நாகபாசத்தால் கட்டிக் கடலில் எறியச் சொன்னான். கடல் பொங்கி நிலத்தின்மேல் ஏறியது. மலைகளைக் கொண்டுவந்து மேலே அடுக்குங்கள், பல்லாயிரம் ஆண்டு அங்கேயே கிடந்து உயிரை விடட்டும் என்றான்.

அந்தக் கடலடியில் நிகழ்ந்ததைச் சொல்லத் தொடங்கும்போது பராசரர் ஒரு சிறிய விவரத்தைத் தருகிறார். அன்றாட அனுஷ்டானத்துக்குரிய வேளை வந்தபோது ப்ரஹ்லாதன் ஒருமுகப்பட்ட மனத்தோடு அச்யுதனைத் துதித்தான் என்கிறார். வெயிலும் நிழலும் எட்டாத ஆழம். கை கால் கட்டுண்டிருக்கின்றன. ஆசமனம் செய்யக் கை நீட்ட முடியாது. ஆயினும் வேளை தவறவில்லை. ப்ரஹ்ம ஞானம் என்றால் அன்றாடக் கர்மங்களை உதறிவிட்டு எங்கோ மலைக்குகையில் தேட வேண்டிய வஸ்து என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் குழந்தைக்கு அது கிடைத்தது நித்யானுஷ்டான வேளையில், வழக்கமாகச் செய்யும் ஸ்தோத்திரத்தின் நடுவில். சந்தியையைக் கடிகாரம் பார்த்துக் கடத்திவிடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அந்த ஸ்தோத்திரம் நமஸ்காரத்தில் தொடங்குகிறது. செந்தாமரைக்கண்ணனுக்கு வணக்கம், புருஷோத்தமனுக்கு வணக்கம் என்று போகிறது. பசுக்களுக்கும் அந்தணர்களுக்கும் உலகனைத்துக்கும் நன்மை செய்பவனாகக் கோவிந்தனை வணங்கி, இன்றும் ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் சொல்லும் சுலோகம் இந்தக் கடலடி ஸ்தோத்திரத்தைச் சேர்ந்ததே; சொல்கிறவர்களில் பலர் அது பிறந்த இடத்தை அறியார். வணங்குகிறவன் ஒருவன், வணங்கப்படுகிறவன் ஒருவன் என்று தொடங்கிய துதி மேலே செல்லச் செல்ல, இரண்டாவது பொருளுக்கு இடமில்லாமல் எம்பெருமானே எல்லா இடத்தையும் நிறைத்துக்கொண்டு வருகிறான். தேவர்களும் அவன், அஸுரர்களும் அவன், வித்தையும் அவித்தையும் அவன். விஷமும் அமுதமும் அவன் என்றும் ஓரிடத்தில் வருகிறது. இதை வேறொருவர் சொன்னால் அலங்காரமாக எடுத்துக்கொள்ளலாம். சமையற்காரர்கள் அன்னத்தில் கலந்துவைத்த ஹாலாஹல விஷத்தை உண்டு ஜீரணித்த பிள்ளை சொல்கிறான் என்பதை மறக்கலாகாது. வாளும் பாம்பும் தீயும் மலையும் 'அவன்' என்னும் சொல்லுக்குள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. வெளியே எஞ்சியது ஒன்றே ஒன்று, அது துதிக்கிறவன். அவன் மட்டும் எப்படி வெளியில் நிற்பது? அநந்தன் எங்கும் நிறைந்தவனாகையால் 'நான்' என்று நிற்பவனும் அவனே என்ற முடிவுக்கு ஸ்தோத்திரம் வந்து சேர்கிறது.

வடமொழி கற்றோர் இங்கே ஒரு விபக்தியைக் கவனிப்பர். எங்கும் நிறைந்திருத்தல் என்னும் சொல் ஐந்தாம் வேற்றுமையில், காரணப் பொருளில் நிற்கிறது. 'ஆகையால்' என்ற ஒரு சொல் அங்கே இருக்கிறது. ஹிரண்யனின் 'நான்' என்பதற்கு இந்த 'ஆகையால்' கிடையாது. உண்டென்றால் அது தவம், வரம், தோள்வலி என்று அவனிடத்திலேயே போய் முடியும். பிள்ளையின் வாக்கில் காரணம் முழுவதும் அநந்தனுடையது. தான் பெரியவனாகித் தெய்வமானதாக அவன் சொல்லவில்லை. தெய்வம் இல்லாத இடமே இல்லாமற்போனதால் தனக்கென்று தனியிடம் இல்லை என்று சொன்னான். இந்த நாட்களில் மேடைகளில் 'நானே ப்ரஹ்மம்' என்று எளிதாகச் சொல்லக் கேட்கிறது. சொல்பவரின் வாக்கில் அந்த ஐந்தாம் வேற்றுமை இருக்கிறதா என்று கேட்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் இருபதாம் அத்தியாயம். விஷ்ணுவைத் தன்னின் வேறாகாதவனாக எண்ணி எண்ணி, அவன் தன்மயத்வம் என்னும் நிலையை அடைந்தான். தன்னை மறந்தான். வேறொன்றையும் அறியவில்லை. அழிவற்ற, எல்லையற்ற பரமாத்மாவாகவே இருந்தான். இவ்வளவே பராசரர் சொல்வது. ஜோதி தெரிந்தது, நாதம் கேட்டது, மயிர் சிலிர்த்தது என்று ஒன்றும் சொல்லவில்லை. எம்பெருமானின் திருமேனி சேவையானதாகக்கூட அந்த இடத்தில் சொல்லவில்லை. பீதாம்பரதாரியாக அவன் எழுந்தருளி நின்றது பின்னால், ப்ரஹ்லாதன் மறுபடியும் ப்ரஹ்லாதனான பிறகுதான். காண்பதற்கு இருவர் வேண்டும். உள்ளநுபவத்தின் உச்சியில் காட்சி ஒன்றும் சொல்லப்படாததைக் குறை என்று எண்ணி, தியானத்தில் இது தெரிந்தது அது தெரிந்தது என்று கணக்கு வைப்பவர்கள் இவ்விடத்தை ஒருமுறை படித்தால் மனம் அமைதியடையும்.

வெளியே தெரிந்த அடையாளம் ஒன்றே. அவன் விஷ்ணுமயமாக நின்ற அந்தக் கணத்தில் நாகபாசங்கள் தாமே அறுந்து விழுந்தன. அவன் அவற்றை அவிழ்க்க முயன்றதாக எங்கும் இல்லை. கட்டப்பட்டவன் என்று ஒருவன் அங்கே இல்லாதபோது கட்டு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? முதலைகள் கலங்கக் கடல் புரண்டது. மலைகளும் காடுகளுமாகப் பூமி அசைந்தது. மேலே கிடந்த பாறைகளைத் தள்ளிக்கொண்டு அவன் நீரைவிட்டு வெளியே வந்தான். ஆகாயத்தையும் உலகத்தையும் மறுபடி பார்த்தான். பார்த்தவுடன், நான் ப்ரஹ்லாதன் என்று தன்னை நினைவுகொண்டான். நினைவு வந்தவுடன் செய்த முதற்காரியம், புருஷோத்தமனை மீண்டும் துதித்ததே.

மறந்தான் என்பதும் புராணம். நினைத்தான் என்பதும் புராணம். ஆசார்யர்கள் இவ்விடங்களை எப்படி நோக்குகிறார்கள் என்பதற்கு ப்ரஹ்ம ஸூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு வழி கிடைக்கிறது. கௌஷீதகி உபநிஷத்தில் இந்திரன் ப்ரதர்தனன் என்னும் அரசனிடம் தன்னையே அறிந்து உபாஸிக்கும்படி கூறுகிறான். ஒரு தேவன் இப்படிச் சொல்லலாமா என்ற ஐயத்துக்கு, சாஸ்திரத்தால் பெற்ற பார்வையைக் கொண்டு, வாமதேவரைப்போல் சொன்னான் என்று ஸூத்திரகாரர் விடையளிக்கிறார். வாமதேவ ரிஷி தத்துவத்தைக் கண்டபோது, தாமே மனுவாகவும் சூரியனாகவும் ஆனதாகச் சொன்னவர். ப்ருஹதாரண்யகம் இதைக் கூறுகிறது. ஹிரண்யனும் சூரியனானான், வாமதேவரும் சூரியனானார். வாமதேவர் ஆனபோது வானத்துச் சூரியன் பதவி இழக்கவில்லை.

சங்கர பகவத்பாதர் இந்த ஸூத்திரத்தில், தன் ஆத்மாவே பரப்ரஹ்மம் என்று ரிஷிகளுக்குரிய பார்வையால் இந்திரன் கண்டு சொன்னான் என்று உரைக்கிறார். குடத்துக்குள் இருப்பதாகத் தோன்றிய ஆகாசம் குடம் உடைந்தபின் எங்கும் போவதில்லை. எதனோடும் புதிதாகச் சேர்வதுமில்லை. அந்த நெறியில் பார்ப்பவர்களுக்கு, தன்னை மறந்தான் என்ற இடம்தான் உயிர்நாடி. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதே ஸூத்திரத்தின்கீழ் வாமதேவரோடு ப்ரஹ்லாதாழ்வானின் இந்த வாக்கையும் எடுத்துக்காட்டாக வைக்கிறார். அவர் காட்டும் பொருள் இது: மனிதன் அறிகிறான் என்று உலகத்தார் சொல்கிறார்கள். மனிதன் என்பது உடம்பின் பெயர், உடம்போ அறிவதில்லை. ஆயினும் அந்தச் சொல் உடம்போடு நில்லாமல் உள்ளே இருக்கும் ஆத்மா வரையில் போகிறது. அப்படியே ஜீவன் எம்பெருமானுக்குச் சரீரமாகையால், 'நான்' என்னும் சொல் ஜீவனோடு நின்றுவிடாமல், அவனுக்கும் உயிராய் உள்ளே நிற்கும் அந்தர்யாமி வரையில் போகிறது. உலகத்தார் அந்தச் சொல்லைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். ப்ரஹ்லாதன் கடைசி வரை சென்றான். இந்த நெறியில், நான் ப்ரஹ்லாதன் என்று மீண்டும் நினைத்ததும் மயக்கமாகாது; அதுவும் உண்மையே. எழுந்து வந்தவன் உடனே துதித்தான் என்பதைப் பார்க்கும்போது, புராணத்தின் போக்குக்கு எம்பெருமானார் காட்டிய வழியே மிகப் பொருந்துகிறது. அத்வைதிகளிலும் பக்தியைக் கைவிடாத பெரியோர் உண்டு; அத்வைத ஸித்தி எழுதிய மதுஸூதன ஸரஸ்வதியே பக்தி ரஸாயனம் என்னும் நூலையும் இயற்றினார்.

அத்வைத நூலாகிய யோக வாஸிஷ்டத்தின் உபசம ப்ரகரணத்திலும் ப்ரஹ்லாதன் வருகிறான். அங்கே கதை வேறு. தந்தை மாண்டபின், விஷ்ணுவாக ஆகாதவன் விஷ்ணுவைப் பூஜித்தால் பயனில்லை என்று தேர்ந்து, தன்னையே விஷ்ணுவாகப் பாவித்துப் பூஜிக்கிறான். பிறகு ஆத்ம விசாரத்தில் இறங்கி ஸமாதியில் ஆழ்கிறான். 5,000 ஆண்டுகள் எழவேயில்லை. பாதாளம் அரசனில்லாமல் சீர்கெட்டது. பாற்கடலிலிருந்து எம்பெருமானே வந்து பாஞ்சஜன்யத்தை ஊதினான். அந்த ஒலி கேட்டு மெல்ல மெல்லப் பிராணன் பரவி, ப்ரஹ்லாதன் கண்விழித்தான். இருந்து அரசாள் என்று பகவான் அவனுக்குக் கட்டளையிட்டான். அத்வைதம் பேசும் நூல்கூட அவனைக் கண்மூடிய நிலையிலேயே விட்டுவிடவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

விஷ்ணுவாகி விஷ்ணுவைப் பூஜிப்பது என்பது ஏட்டில் மட்டும் உள்ளதன்று. பாஞ்சராத்ர ஆகமப்படி ஆராதனம் நடக்கும் திருக்கோயில்களில் அர்ச்சகர் பூஜையைத் தொடங்குமுன் பூதசுத்தி என்று ஒன்று உண்டு. நிலம் நீரிலும், நீர் தீயிலும், தீ காற்றிலும், காற்று ஆகாசத்திலும் ஒடுங்குவதாகத் தியானித்து, பழைய உடம்பை மந்திரத்தால் எரித்து, அமுதத்தால் நனைத்துப் புதிய உடம்பைப் பாவனையால் எழுப்பிக்கொள்ள வேண்டும். பிறகு அங்கங்களில் மந்திர ந்யாஸம். அந்நிலையில் தன்னை நாராயணனாகவே எண்ண வேண்டும் என்று ஜயாக்ய ஸம்ஹிதை விதிக்கிறது. அதன்பின் மானஸ ஆராதனம். அதற்கும் பின்புதான் வெளி ஆராதனம். சேவார்த்திகள் வெளியே காத்திருக்கும்போது உள்ளே நடப்பவற்றில் இதுவும் ஒன்று. ஒருமையைத் தியானித்த அந்த அர்ச்சகரே அடுத்த கணம் வட்டிலில் தீர்த்தம் எடுத்து அர்க்யம், பாத்யம், ஆசமனீயம் என்று தாஸனாக நின்று ஸமர்ப்பிக்கிறார். கடலடியிலிருந்து கரைக்கு வந்த வழியை ஆகமம் ஒவ்வொரு நாளும் நடக்கச் செய்கிறது. மனம் அங்கே இருக்கிறதா, கை மட்டும் நடக்கிறதா என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

தமிழ் வேதத்திலும் இந்த வழி உண்டு. திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி நிற்கிறார். அந்தப் பெண்பிள்ளை, உலகங்களைப் படைத்தவளும் உண்டவளும் இடந்தவளும் தானே என்று பேசுகிறாள். தாயார் அவளை அதட்டவில்லை. எம்பெருமான் வந்து இவளுள் ஆவேசித்தானோ என்று அயலாரிடம் வியந்து சொல்கிறாள். கண்ணனைப் பிரிந்த ஆய்ச்சியர் தாங்களே கண்ணன் என்று நடித்த அநுகாரத்தோடு இதை ஒப்பிட்டு வியாக்கியானங்கள் ரஸிக்கின்றன. ஆனால் அதற்கு அடுத்த திருவாய்மொழியை உடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் தானே என்று பேசிய அதே திருவாக்கு, ஸ்ரீவரமங்கை வானமாமலைப் பெருமாள் திருவடிகளில் விழுந்து, நோன்பும் இல்லை, நுண்ணறிவும் இல்லை, ஆயினும் உன்னை விட்டு ஒரு கணமும் தரிக்க முடியாது என்று கதறுகிறது. இரண்டும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இராப்பத்தின் ஐந்தாம் நாளில் ஒரே மூச்சில் ஸேவிக்கப்படுகின்றன. பத்தாம் நாளில் ஆழ்வார் திருவடி தொழும்போது, அவரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் திருத்துழாயால் மூடிவிடுகிறார்கள். ஆழ்வார் தெரிவதில்லை, துளசிதான் தெரிகிறது. சற்று நேரம் சென்றபின், இவ்வுலகத்தாருக்காக ஆழ்வாரைத் திருப்பித் தந்தருள வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் நடக்கிறது. பெருமாளும் தந்தருளுகிறார். அதைச் சேவித்தவர்களுக்கு, மலைக்கடியில் மறைந்து மீண்ட பிள்ளையின் கதை புதிதாக இராது.

கரையேறித் துதித்த ப்ரஹ்லாதனின் முன்னே பீதாம்பரம் உடுத்த பெருமான் எழுந்தருளினான். எல்லாம் நானே என்று கண்டவனுக்கு, இப்போது எழுந்து நிற்கக் கால் நிலைகொள்ளவில்லை, நா குழறிற்று, விஷ்ணுவுக்கு வணக்கம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வரம் கேள் என்றான் பெருமான். எத்தனை ஆயிரம் பிறவிகளில் போய்ப் பிறந்தாலும் அங்கெல்லாம் உன்னிடத்தில் பக்தி நீங்காதிருக்க வேண்டும் என்றான். விவேகமில்லாதவர்கள் விஷயங்களின்மேல் வைக்கும் ஆசை எவ்வளவு விடாப்பிடியானதோ, உன்னை நினைக்கும்போது அந்த விடாப்பிடி வேண்டும் என்றான். மோக்ஷத்தின் வாசலில் நிற்பவன் பிறவிகளைக் கணக்குப் பார்க்கவேயில்லை. பெருமானிடம் பலனை எதிர்பார்த்து நிற்பவன் அடியவன் அல்லன், வியாபாரி என்று பாகவதத்தில் அவன் சொன்னதும், எளியவர்களை விட்டுத் தான் மட்டும் முக்தி பெற விரும்பாததும் இந்த நெஞ்சிலிருந்து வந்தவையே.

இன்னும் கேள் என்றபோது அவன் வாயில் வந்தது தந்தையின் பெயர். துதித்த குற்றத்துக்காக என்னை அவர் பகைத்தார். ஆயுதம் ஏவினார், தீயில் இட்டார், பாம்புகளால் கடிப்பித்தார், விஷம் கொடுத்தார், கட்டிக் கடலில் எறிந்து மலையால் மூடினார். அந்தப் பாபத்திலிருந்து அவர் விடுபட வேண்டும் என்றான். நடந்தவற்றில் எதையும் அவன் மறக்கவில்லை; ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னான். தனக்காகக் கேட்கும் வேளையில் பட்ட துன்பம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தந்தைக்காகக் கேட்கும் வேளையில் அவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்படியே ஆகட்டும் என்ற பெருமான், வேறு என்ன வேண்டும் என்று மூன்றாம் முறையும் கேட்டான். இதனால் நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தவன் ஆனேன் என்று சொல்லி ப்ரஹ்லாதன் நிறுத்திக்கொண்டான். கேளாத மோக்ஷத்தையும் தந்தருளிப் பெருமான் மறைந்தான்.

பிறகு அவன் எங்கே போனான் என்பதைப் பராசரர் சொல்கிறார். காட்டுக்குப் போகவில்லை, குகை தேடவில்லை. கடற்கரையிலிருந்து நேராக அரண்மனைக்குப் போய், தன்னை அங்கே எறியச் சொன்னவனின் பாதங்களில் விழுந்தான். ஹிரண்யகசிபு அவனை வாரி எடுத்து, உச்சி மோந்து, உயிரோடிருக்கிறாயா குழந்தாய் என்று கண்ணீர் மல்கக் கேட்டானாம். செய்ததை நினைத்து அந்த அஸுரன் மனம் நொந்ததாகவும் புராணம் சொல்கிறது. தூண் பிளந்த கதையையே கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாயிருக்கும். நரசிம்ஹப் பெருமானால் அவன் முடிவெய்தும் நாள் வரையில், ப்ரஹ்லாதன் அந்தத் தந்தைக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவிடை செய்துகொண்டு அந்த வீட்டிலேயே இருந்தான்.